வாசகர் கேள்வி – பதில்: கரட்டு நிலத்து ஆவாரை

கரட்டு நிலத்துப் புதர்ச் செடிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பைப் படித்துவிட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஆவாரையைப் பற்றியே இருந்தன. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்த ஒரு செடிக்கே ஒதுக்கியிருக்கிறேன். வந்த கேள்விகளில் சர்க்கரை நோய் பற்றியவையே மிகுதி என்றாலும் அதை முதலில் எடுத்துக்கொள்ளவில்லை. செடி நிற்கும் சரிவே பறிபோகும் நிலையில் இருக்கும்போது அதன் பூவில் தேநீர் போடுவது பற்றிப் பேசுவதற்குச் சற்றுப் பொறுக்கலாம் என்பது என் கருத்து.

மத்தூர் வாசகர்: ஐயா, எங்களுக்கு ஒரு கரட்டின் சரிவில் மூன்று ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. பாறையும் செம்மண்ணும் கலந்த அந்த இடம் முழுவதும் ஆவாரையும் விராலியும் மண்டிக் கிடக்கின்றன. ஜேசிபி வைத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மாவோ மலைவேம்போ வைக்கலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஆவாரை பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் இத்தனை ஆண்டுகளில் அது மண்ணில் தழைச்சத்தை (நைட்ரஜன்) சேர்த்து வைத்திருக்கும் என்றும் கூறுகிறார்கள். தங்கள் யோசனை என்ன?

பதில்: எந்திரத்தை அழைப்பதற்கு முன் ஒரு மழை ஓய்ந்த மறுநாள் காலையில் அந்தச் சரிவில் ஏறி, நன்கு வளர்ந்த ஓர் ஆவாரைப் புதரின் அடியில் உட்கார்ந்து பாருங்கள். புதரின் மேட்டுப் பக்கத்தில் காய்ந்த சிற்றிலைகளும், ஆட்டுப் புழுக்கையும், மேலிருந்து அரித்து வந்த பொடி மண்ணும் தூரில் தடுக்கப்பட்டு, விரற்கடை உயரத்துக்குச் சிறு படிபோலச் சேர்ந்திருக்கும். அதே புதரின் பள்ளத்துப் பக்கத்தில் சரளைக்கல் வெளியே தெரியும். அந்தப் படியைக் கையால் கிளறினால் ஈரமும், மண்புழு எச்சமும், முளைக்கக் காத்திருக்கும் பிற செடிகளின் விதைகளும் கிடைக்கும். தங்கள் நிலத்தில் மண் என்று சொல்லத்தக்கதில் பெரும்பகுதி இப்படி ஒவ்வொரு தூருக்குப் பின்னாலும் தேங்கி நிற்பதுதான்.

இரு மாவட்டங்களிலும் ஆண்டுக்குச் சராசரியாக 800 முதல் 900 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. அளவைப் பார்த்தால் குறைவென்று சொல்ல முடியாது. ஆனால் அதில் கணிசமான பங்கு சித்திரை, வைகாசியின் கோடை மழையாகவும் ஆவணி முதல் ஐப்பசி வரையிலான கனமழையாகவும் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கருங்கல் பாறையின்மேல் ஓரடி, ஈரடி ஆழத்துக்குப் படிந்திருக்கும் செம்மண்ணின்மீது அத்தகைய மழை நேராக அறைந்தால், முதல் ஆண்டிலேயே மேல்மண் ஓடைக்குப் போய், அங்கிருந்து ஏரிக்குப் போய், ஏரியின் கொள்ளளவையும் குறைத்துவிடும். ஆவாரையின் ஆணிவேர் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்வதால்தான் அது ஏப்ரல் மாத வெயிலிலும் பச்சையாக நிற்கிறது. அந்த வேரைப் பெயர்த்தெடுக்கும்போது வெடிப்பில் இருந்த மண்ணும் சேர்ந்தே வெளியே வந்துவிடுகிறது.

தழைச்சத்தைப் பற்றி உறவினர்கள் சொல்வது சரியன்று. பயறுக் குடும்பத்துச் செடிகள் யாவும் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் நிலைநிறுத்தும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். கொள்ளு, துவரை, அவரை ஆகியவற்றுக்கு அது பொருந்தும். ஆவாரை சேர்ந்துள்ள சென்னா பேரினத்துச் செடிகளில் அத்தகைய முடிச்சுகள் பொதுவாக உருவாவதில்லை. கொள்ளுச் செடியொன்றையும் ஆவாரங்கன்று ஒன்றையும் வேரோடு பிடுங்கி அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஆவாரைத் தழை நல்ல உரம் என்பது வேறு விஷயம். உவர் நிலத்து நெல் வயல்களில் அதை வெட்டிப் போட்டு மிதிக்கும் வழக்கம் தமிழகத்தில் நெடுநாளாக உண்டு. பசுந்தழை உரங்களின் பட்டியலில் வேளாண் துறையினரும் அதைச் சேர்த்தே சொல்கிறார்கள். அதற்குச் செடியை வேரோடு எடுக்க வேண்டியதில்லை. கிளையை வெட்டினால் தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

இனி, என்ன நடலாம் என்பதற்கு வருவோம். மலைவேம்பு ஆழமான, வளமான மண்ணையும் தொடக்க ஆண்டுகளில் தாராளமான நீரையும் எதிர்பார்க்கும் மரம். பாறைச் சரிவில் அதை வைப்பது பணத்தைப் பாறையில் ஊற்றுவதாகும். மாவைப் பொறுத்தவரை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதற்கு நான் எதிர்ப்புச் சொல்ல முடியாது; சொன்னாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆயினும் சரிவின் அடிப்பகுதியில், கடப்பாறை மூன்றடி இறங்கும் இடங்களில் மட்டும் மாவை வையுங்கள். அங்கேயும் ஆவாரையை மொத்தமாக அழிக்காமல், புதர்களுக்கு இடையே குழியெடுத்து, குழிக்குக் கீழே பிறை வடிவில் சிறு கரை போட்டு, மேற்கு வெயில் கன்றின்மேல் விழாதபடி அந்தப் பக்கத்துப் புதரை விட்டுவையுங்கள். முதல் இரண்டு கோடைகளில் அந்த நிழல் பல குடம் தண்ணீருக்குச் சமமாக உதவும். கன்று தலையெடுத்த பிறகு, நெருக்கமாக உள்ள புதர்களின் கிளைகளைக் கவாத்து செய்து அதே கன்றுக்கு மூடாக்காகப் போடலாம்.

மேற்சரிவை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு என்றால், உண்ணிச்செடி நுழைந்திருந்தால் அதை மட்டும் தூரோடு எடுப்பதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட அந்த அமெரிக்கச் செடி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். ஆவாரை நிற்கும் சரிவில் உசிலையும் வெள்வேலும் கலாக்காயும் சூரையும் புல்லும் ஊடே முளைக்க இடம் இருக்கும். உண்ணிச்செடி மூடிவிட்ட சரிவில் அநேகமாக அது ஒன்றே இருக்கும். ஆடு மாடுகள் ஆவாரையை விரும்பி மேய்வதில்லை என்பதால், அந்தப் புதர்களின் அணைப்பில் முளைக்கும் மரக்கன்றுகள் ஆட்டு வாய்க்குத் தப்பி வளர்கின்றன. பத்து ஆண்டு பொறுத்திருந்தால் மேற்சரிவில் தாங்கள் நடாத மரங்கள் தாமாகவே எழும். அவற்றை நடவும் நீர் ஊற்றவும் தங்களுக்குச் செலவு எதுவும் ஆகியிருக்காது.

அரூர் வாசகர்: தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். பெட்டிகளுக்கு அருகே ஓடைக்கரை முழுவதும் ஆவாரை பூத்துக் குலுங்கியும் அந்தப் பருவத்தில் தேன் ஏறவில்லை. பூவில் தேன் இல்லையா, அல்லது பெட்டியில் கோளாறா?

பதில்: பெட்டியில் குறையில்லை. ஆவாரம்பூவில் தேன் சுரப்பதில்லை. அது தன்னை நாடி வரும் வண்டுக்கு மகரந்தத்தை மட்டுமே கொடுக்கிறது. அதையும் எளிதில் கொடுத்துவிடுவதில்லை.

பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரம் சுருங்கிய, மெல்லிய நரம்போடிய ஐந்து மஞ்சள் இதழ்களுக்கு நடுவே பத்து மகரந்தத் தாள்கள் இருக்கும். மேல்பக்கத்தில் இருப்பவை மூன்றும் சிறுத்து, மலட்டுத் தாள்களாக நின்றுவிடும். கீழ்ப்பக்கத்தில் இருப்பவை நீண்டு வளைந்திருக்கும். பெரும்பாலான பூக்களில் மகரந்தப் பை நீளவாக்கில் வெடித்து மகரந்தத்தைக் கொட்டிவிடும். ஆவாரையிலோ பையின் நுனியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை மட்டுமே திறக்கிறது. அந்தத் துளையின் வழியே மகரந்தம் வெளிவர வேண்டுமானால் பையை யாராவது அதிர வைக்க வேண்டும்.

காய்ந்த மரக்கட்டையில் துளையிட்டுக் கூடு கட்டும் பெரிய கருவண்டு அந்த வேலையைச் செய்கிறது. வண்டு என்று நாம் சொன்னாலும் அதுவும் ஒரு தேனீ இனமே. பூவின்மேல் வந்து அமர்ந்ததும் தாள்களைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமலேயே பறக்கும் தசைகளை மட்டும் துடிக்கவிடும். அப்போது அதன் ரீங்காரம் பறக்கும்போது கேட்பதைவிட ஓங்கி ஒலிக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் துளைகளின் வழியே பீய்ச்சி அடித்து வண்டின் வயிற்றிலும் முதுகோரத்திலும் படிகிறது. காலை வேளையில் புதருக்கு அருகே நின்றால் ரீங்காரம் திடீரென உயர்ந்து நிற்பதைக் கேட்கலாம். தங்கள் பெட்டித் தேனீக்களால் இந்த அதிர்வை உண்டாக்க முடியாது. கருவண்டு வந்து போன பிறகு இதழ்களில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்கிக்கொள்ளத்தான் அவை வருகின்றன. அந்த மகரந்தம் புழுக்களை வளர்க்க உதவும் என்பதால், பெட்டியில் அடைகள் வலுப்பெறுகின்றனவா என்று பாருங்கள். தேனுக்கு வேறு பூவைத்தான் நம்ப வேண்டும்.

ஓடைக்கரையில் ஆவாரை இலைகளைப் பச்சைப் புழுக்கள் தின்பதைக் கண்டால் மருந்து அடித்துவிடாதீர்கள். வெளிறிய பச்சை கலந்த வெண்ணிறப் பட்டாம்பூச்சிகளும் சிறு மஞ்சள் பட்டாம்பூச்சிகளும் இவ்வினச் செடிகளில் முட்டையிடுபவை. புழு தின்ற கிளை அடுத்த மழைக்குத் தழைத்துவிடும். அடித்த மருந்தோ தங்கள் தேனீக்களைத்தான் முதலில் பதம் பார்க்கும்.

தருமபுரி வாசகி: எனக்கு ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தினமும் ஆவாரம்பூத் தேநீர் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தக் கூடாது, அம்மா. பழமொழி செடியின் பெருமையைச் சொல்வது. அது மருந்துச் சீட்டாகாது.

ஆவாரையின் பூவுக்கு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டா என்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்குப் பூச்சாற்றைக் கொடுத்துச் சோதித்து, சர்க்கரையும் கொழுப்பும் குறைந்ததாக 2002இல் வெளியிட்டார்கள். அதன் பிறகும் விலங்குகளில் பல சோதனைகள் நடந்துள்ளன. எலிக்கு அளந்து கொடுத்த சாற்றின் வீரியத்துக்கும், தாங்கள் அடுப்பில் கொதிக்கவைக்கும் ஒரு கைப்பிடிப் பூவின் வீரியத்துக்கும் எந்த ஒப்பீடும் இல்லை. சித்த மருத்துவத்தில் கூறப்படும் ஆவாரைக் குடிநீரிலும் ஆவாரை மட்டும் இருப்பதில்லை. கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை ஆகியவையும் சேர்ந்தே அந்தக் கசாயம் ஆகிறது. அதையும் நாடி பார்த்து, ஆளைப் பார்த்து அளவு சொல்ல ஒரு மருத்துவர் இருக்கிறார். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பல அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு இயங்குகிறது; அங்கே சென்று, தாங்கள் ஏற்கெனவே உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயரையும் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள்.

மறைக்காமல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாத்திரையும் கசாயமும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிட்டால் மயக்கம் வரலாம். வேறு மருந்துகளோடும் இது குறுக்கிடக் கூடும். ஆவாரைத் தேநீரை ‘ரணவரா’ என்ற பெயரில் நெடுங்காலமாக அருந்தும் வழக்கமுள்ள இலங்கையில், வலிப்பு நோய்க்கான கார்பமசெபின் என்னும் மருந்தோடு அதைச் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தபோது இரத்தத்தில் அம்மருந்தின் அளவு கூடியது கண்டறியப்பட்டிருக்கிறது. வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இத்தேநீரைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

எப்போதாவது பாசிப்பருப்போடு சேர்த்துக் கூட்டாகச் செய்து உண்பதிலோ, குளியல் பொடியில் கலந்துகொள்வதிலோ தவறேதும் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்துச் செடிகளில் புகையும் தூசும் படிந்திருக்கும் என்பதால் அங்கே பூப் பறிக்க வேண்டாம்.

பாலக்கோடு வாசகர்: பொன்னாவரையும் ஆவாரையும் ஒன்றா? எங்கள் வீட்டுப் பின்புறம் ஆவாரை என்று நினைத்திருந்த செடியைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் பேயாவரை என்று சொல்லிப் பிடுங்கச் சொன்னார். பேரப்பிள்ளைகள் அதன் காயைப் பறித்து விளையாடுகிறார்கள்.

பதில்: பெரியவர் சொன்னதே சரி, தாமதிக்காமல் பிடுங்கிவிடுங்கள். பொன்னாவரை, பேயாவரை என்ற பெயர்களால் சுட்டப்படுவது ஆவாரைக்கு உறவான வேறொரு செடி. அது அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து பரவி, குப்பைமேடுகளிலும் வீட்டுக் கொல்லைகளிலும் மழைக்காலத்தில் தழைப்பது. அதன் விதையில் கல்லீரலையும் தசைகளையும் மூளையையும் தாக்கும் நச்சு உண்டு. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் குளிர்காலத் தொடக்கத்தில் சிறு குழந்தைகள் மர்மமான முறையில் இறந்துகொண்டிருந்ததற்கு, அவர்கள் விளையாட்டாக இந்த விதைகளைத் தின்றதே காரணம் என்று 2007ஆம் ஆண்டளவில் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

அடையாளம் காண்பது கடினமன்று. ஆவாரை மரம்போல் கெட்டியான தண்டுள்ள, பல ஆண்டு வாழும் புதர். பேயாவரை பெரும்பாலும் இடுப்பளவு உயரத்தில் நின்றுவிடும் மெல்லிய செடி. ஆவாரை இலையில் எட்டு முதல் பன்னிரண்டு இணை வரையில் சிறிய, நுனி மழுங்கிய சிற்றிலைகள் இருக்கும். பேயாவரையில் நான்கு முதல் ஆறு இணை வரையில் பெரிய, நுனி கூர்ந்த சிற்றிலைகள் இருக்கும். கசக்கினால் குமட்டும் நாற்றம் அடிக்கும். ஆவாரை இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் காது மடல்போல அகன்ற இரண்டு இலையடிச் செதில்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். சிற்றிலைகளின் ஒவ்வொரு இணைக்கும் நடுவே குச்சிபோல ஒரு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். பேயாவரையில் அத்தகைய செதில்கள் கிடையா. சுரப்பியும் காம்பின் அடியில் ஒன்றே இருக்கும். காயில் ஐயமே வராது: ஆவாரங்காய் காகிதம்போல் தட்டையாகவும் மெல்லியதாகவும் தொங்கும், பேயாவரைக் காய் தடித்து, சற்றே வளைந்து, மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும்.

குழந்தைகள் விதையைத் தின்றிருப்பார்களோ என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும், வாந்தி, சோர்வு, பிதற்றல் எதற்கும் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். காயொன்றையும் உடன் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஊத்தங்கரை வாசகர்: எங்கள் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டை உரித்து வாணியம்பாடிக்கு வண்டியில் ஏற்றி அனுப்புவார்களாம். இப்போது யாரும் கேட்பதில்லை. ஏன் நின்றுபோயிற்று?

பதில்: தோல் பதனிடுவதற்குத்தான் அந்தப் பட்டை போயிற்று. ஆவாரம்பட்டையில் ஏறத்தாழ 18 விழுக்காடு துவர்ப்புப் பொருள் உண்டு. அதுவே தோலின் புரதத்தோடு பிணைந்து அது அழுகாமல் காக்கிறது. சென்னை மாகாணத்திலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான பதனிட்ட தோல்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறியதே. அத்தோலில் ஒரு குறை இருந்தது: வெளிச்சம் பட்டால் நாளடைவில் சிவந்துவிடும். அதைத் தடுக்க இறுதியில் கடுக்காய் நீரில் ஒருமுறை போட்டெடுப்பார்கள். பட்டை உங்கள் பக்கத்துக் கரடுகளிலிருந்தும், கடுக்காய் மலைக்காடுகளிலிருந்தும் ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

வழக்கொழிந்ததற்குக் காரணங்கள் இரண்டு. துவர்ப்பு இதைவிட மிகுந்த, வாட்டில் என்னும் மரத்தின் பட்டை தென்னாப்பிரிக்காவிலிருந்து வரத் தொடங்கியது. பின்னர் நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைகளையும் புல்வெளிகளையும் அழித்து அந்த மரத்தையே பரவலாக நட்டார்கள். அதன் கேட்டை அந்த மலைகள் இன்றும் அனுபவிக்கின்றன. மற்றொரு பக்கம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் சென்னையில் சோதனை செய்து அறிமுகப்படுத்திய, குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறை பிற்பாடு பரவலாகி, வாரக்கணக்கில் பட்டையில் ஊறவைத்த வேலையை மிகக் குறைந்த நாட்களில் முடித்தது. அந்தக் குரோமியக் கழிவு பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் பழையபடி பட்டைக்குத் திரும்பலாம் என்று ஆசைப்பட வேண்டாம். பட்டையை உரிக்கக் கிளைகளை அடியோடு வெட்ட வேண்டும். இப்போதுள்ள தோல் உற்பத்தியின் அளவுக்கு இங்குள்ள கரடுகள் எல்லாவற்றையும் மொட்டையடித்தாலும் போதாது.

கிருஷ்ணகிரி வாசகர்: தெலங்கானாவின் மாநில மலர் நம் ஆவாரைதானா?

பதில்: ஆம். 2014இல் மாநிலம் அமைந்ததும் அறிவிக்கப்பட்ட அடையாளங்களில் இதுவும் ஒன்று. தங்கள் மாவட்டத்துத் தெலுங்கு பேசும் குடும்பங்களில் ‘தங்கேடு’ என்று சொன்னால் உடனே புரியும். பதுகம்மா விழாவில் அடுக்கும் பூக்களில் இதற்கு முதன்மையான இடம் உண்டு. நம் மாநில மலர் செங்காந்தள். அதனால் ஆவாரைக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் இரண்டுமே இருக்கின்றன.

காவேரிப்பட்டணம் வாசகி: போகி அன்று காப்புக் கட்ட ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் ஊர்க்கோடியிலேயே பறிப்போம். இப்போது சந்தையில் கட்டு கட்டாக விற்கிறார்கள். இப்படி வெட்டினால் செடி அழிந்துவிடாதா?

பதில்: வீட்டு நிலைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் களத்துமேட்டுக்கும் ஒவ்வொரு கொத்து பறிப்பதால் ஒரு செடியும் அழியாது, வெட்டிய இடத்தில் துளிர்க்கும் இயல்பு அதற்கு உண்டு என்பதை மேலே சொன்னேன். சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. மார்கழி இறுதியில் பூவும் பிஞ்சும் ஒரே கிளையில் இருக்கின்றன. ஊரைச் சுற்றியுள்ள எல்லாச் செடிகளிலும் எல்லாக் கிளைகளையும் ஆண்டுதோறும் அதே வாரத்தில் வெட்டினால், அந்தப் பருவத்து விதை முற்றுவதற்கு வாய்ப்பே இல்லாமல் போகிறது. கிழச்செடிகள் நின்றுகொண்டிருக்கும், அவற்றுக்கு அடுத்த தலைமுறை இராது. நெடுஞ்சாலை அகலப்படுத்தியபோது போன ஓரச் செடிகள் திரும்ப வராததற்கும் அக்கம்பக்கத்தில் விதை இல்லாதது ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக் கிளைக்கு மேல் தொடாமல், பிஞ்சு மிகுந்த கிளைகளை விட்டுவிட்டுப் பறித்தால் போதும். வனத்துறையின் பாதுகாப்பிலுள்ள காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிச் செடிகளை வெட்டுவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் கட்டு விற்பவர்கள் அறிந்திருப்பது நல்லது. எல்லாவற்றையும்விடச் சுலபமானது, ஒவ்வொரு தெருவிலும் இரண்டு செடிகளை வளர்த்துக்கொள்வது. அதற்கான முறையை அடுத்த கேள்விக்கான பதிலில் காண்க.

ஓசூர் வாசகர்: நர்சரிகளில் ஆவாரங்கன்று கிடைக்கவில்லை. மலையிலிருந்து கன்றைப் பிடுங்கி வந்து வைத்தால் இரண்டு முறையும் பட்டுப்போயிற்று. வேலியோரம் வளர்க்க என்ன வழி?

பதில்: பிடுங்கி நட்டால் பிழைக்காது. கன்று சாண் உயரம் இருக்கும்போதே ஆணிவேர் அதைவிட ஆழமாக இறங்கியிருக்கும். தோண்டும்போது அது அறுந்துவிடுகிறது. விதையிலிருந்து வளர்ப்பதே வழி.

காய் பழுப்பாகிச் சலசலக்கும் பருவத்தில் பறித்து நிழலில் உலர்த்தி விதை எடுங்கள். ஒரு காயில் பத்து முதல் இருபது விதைகள் வரை இருக்கும்; வண்டு துளைத்தவற்றைக் கழித்துவிடுங்கள். விதைத்தோல் கெட்டியானது என்பதால் அப்படியே போட்டால் சில விதைகள் மட்டுமே முளைக்கும், மற்றவை மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். கொதித்து இறக்கிய தண்ணீரை விதைகளின்மேல் ஊற்றி, இரவு முழுவதும் அதிலேயே ஆறவிடுங்கள். காலையில் ஊதிப் பருத்திருப்பவற்றை விதைக்கலாம். பருக்காதவற்றை உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும் லேசாக உரசி மறுபடியும் ஊறவையுங்கள்.

ஆடி முதல் புரட்டாசி வரை, மண் நனைந்திருக்கும் நாளில், வேலியோரத்திலேயே நேரடியாக இரண்டு இரண்டு விதையாக விரற்கணு ஆழத்தில் ஊன்றுவது சிறந்தது. நான்கடி இடைவெளி விடுங்கள். பையில் வளர்ப்பதானால் நீளமான பையாக எடுத்து, வேர் அடியில் சுருளத் தொடங்கும் முன்பே, மூன்று நான்கு மாதங்களுக்குள் நிலத்தில் இறக்கிவிட வேண்டும். செம்மண்ணோடு சரளை கலந்திருந்தால் நல்லது. எருவை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும், பூ குறையும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது. முதல் கோடையில் வாரம் ஒருமுறை நீர் ஊற்றினால் போதும், அடுத்த கோடையில் அதுவும் வேண்டாம். இரண்டு, மூன்று ஆண்டுகளில் பூக்கத் தொடங்கும். கவாத்து செய்ய விரும்பினால் காய் முற்றி விதை எடுத்த பிறகு, கோடை மழைக்கு முன்பாகச் செய்யுங்கள். அதில் மிஞ்சும் விதையை நர்சரிக்காரரிடம் கொடுத்து வைத்தால் அடுத்து கேட்டு வருபவர்களுக்குக் கன்று கிடைக்கும்.